உள்ளாளைக் கண்டுபிடிப்பது எப்படி

நான் பஸ்ஸில் யாரிடமும் பேசுகிற ஆள் இல்லை, அக்கா. உங்கள் பக்கத்தில் இடம் இருந்தது, உட்கார்ந்தேன், அவ்வளவுதான். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏன் கஷ்டப்படுகிறீர்கள்? மேலே வேண்டாம், அந்தக் கம்பி ஆடும். சீட்டுக்கு அடியில் இடது பக்கமாகத் தள்ளுங்கள். வலது பக்கம் இன்ஜின் சூடு வரும். ஆங், அப்படித்தான். ஜன்னலை அப்படி இழுத்தால் வராது, அக்கா. கொஞ்சம் உள்ளே அமுக்கி, பிறகு தூக்க வேண்டும். பார்த்தீர்களா, காற்று வந்துவிட்டது.

இனி நான் பாட்டுக்கு இருப்பேன். நீங்கள் பாட்டுக்குத் தூங்குங்கள்.

எங்கே போய்விட்டு வருகிறேன் என்றா கேட்டீர்கள்? கேட்கவில்லையா? பரவாயில்லை, சொல்கிறேன். நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு வருகிறேன். என்ன வேலைக்கு? நத்தை வேலைக்கு.

சிரிக்காதீர்கள். நான் நத்தையில் டாக்டர் பட்டம் வாங்கியவள். குளத்து நத்தை, வயல் நத்தை, வாய்க்கால் நத்தை எல்லாம் எனக்கு அத்துப்படி. எங்கள் அம்மாவுக்கு மட்டும் இது பிடிக்காது. நாகர்கோவிலில் யாராவது "மக என்ன படிச்சிருக்கா?" என்று கேட்டால், "சயின்ஸ்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடப்பாள்.

இந்த வேலை எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு பேராசிரியர் டெல்லிக்கு எழுதிப் போடுவார், "எங்கள் பக்கத்து வயலில் நத்தை பெருகிவிட்டது, ஆராய வேண்டும்" என்று. அங்கிருந்து பணம் வரும். அதில் வலை வாங்கலாம், கண்ணாடிக் குடுவை வாங்கலாம், ஒரே ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரே ஓர் ஆள் யார் என்பதற்குத்தான் நேர்முகம். விளம்பரம் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் வரும். பழைய நாற்காலி ஏலத்துக்கும் கேண்டீன் டெண்டருக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வரி. தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் நான் அதைப் பார்த்துவிடுவேன். மீன் வேலை வந்தது, போனேன். கொசு வேலை வந்தது, போனேன். மண்புழு வேலைக்கும் போனேன். இத்தனை வருஷத்தில் நத்தை வேலை வந்தது இதுதான் முதல் தடவை.

அதுவும் எப்போது வந்தது தெரியுமா? அடுத்த மாதம் எனக்கு முப்பத்தைந்து முடிகிறது. அதற்கு மேல் போனால் இந்த வேலைகளுக்கு நம்மைக் கூப்பிட மாட்டார்கள். வயது வரம்பு. நத்தைக்கு அவசரமில்லை, அக்கா. அரசாங்கத்துக்கு இருக்கிறது. அதனால் இன்றைக்குப் போனது எனக்குக் கடைசி நேர்முகம். நத்தையும் கடைசி நாளும் ஒன்றாக வந்தன.

எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். மலையடிவாரத்தில் இருக்கிறது. பேர் சொன்னால் வம்பு.

என்ன வம்பா? உள்ளாள் வம்புதான்.

இந்த நேர்முகங்களுக்குப் போகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. வராந்தாவில் ஐந்தாறு பேர் ஃபைலோடு உட்கார்ந்திருப்போம். அதில் ஒருவர் உள்ளாள். அதாவது, அந்தத் துறையிலேயே ஏற்கெனவே இருக்கிறவர், வேலை அவருக்கென்று முடிவாகிவிட்டவர். மற்றவர்கள் எல்லாம் கூட்டம் காட்ட வந்தவர்கள். தாலி கட்டி முடிந்த வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனது மாதிரி. போனதும் முதல் காரியமாக உள்ளாள் யார் என்று கண்டுபிடித்துவிட வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்ச் சூடாகச் சாப்பிடலாம்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? மற்றவர்கள் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். நான் விஞ்ஞானி. அடையாளங்கள் வைத்திருக்கிறேன். உள்ளாள் தண்ணீர் பாட்டில் கொண்டுவர மாட்டார், ஏனென்றால் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பாத்ரூம் சாவி எங்கே தொங்குகிறது என்று தெரியும். அலுவலக உதவியாளர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எல்லாவற்றையும்விட முக்கியம் நாய். எந்தத் துறையிலும் வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும். வெளியாளைப் பார்த்தால் குரைக்கும், உள்ளாளுக்கு வாலாட்டும். பேராசிரியர் மறைக்கலாம், நாய் மறைக்காது.

இந்த முறையில் நான் பிடித்த உள்ளாட்கள் பலபேர். போன வருஷம் இதே துறையில் ஒரு மீன் வேலை. இசக்கிராஜா என்று ஒரு பையன் வந்திருந்தான். ஒல்லியாக, எப்போதும் தூங்கி எழுந்தவன் மாதிரி ஒரு முகம். அவன் கையில் பாத்ரூம் சாவி! எனக்குப் பொறி தட்டிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்களிடம் மெதுவாகத்தான் சொன்னேன். எல்லாரும் ஃபைலை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நானும் கிளம்பிவிட்டேன். பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? மூன்று பேராவது இருந்தால்தான் அங்கே நேர்முகம் நடத்துவார்களாம். ஒற்றை ஆளாக அவன் மட்டும் இருந்ததால் தள்ளிப்போட்டார்கள். அதற்குள் டெல்லிப் பணத்துக்குக் கெடு முடிந்து, அந்த வேலையே இல்லாமல் போயிற்று. உள்ளாளுக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இருங்கள், கண்டக்டர் தம்பி வருகிறது. அந்தப் பெரியவருக்குப் பாக்கி கொடுக்க வேண்டும் போல. "தம்பி, டிரைவர் பக்கத்து டப்பாவுல சில்லறை கிடக்கு பாரு!" ம், எடுத்துவிட்டான்.

எங்கே விட்டேன்? ஆ, இன்றைக்குக் காலை.

முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். துறை வாசலில் அமீபா படுத்திருந்தது. அமீபா என்பது நாய். படுத்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு உருவத்தில் படுக்கும், அதனால் மாணவர்கள் வைத்த பெயர். நான் போகும்போதெல்லாம் பிஸ்கட் போடுவேன். பாவம், வாயில்லாத ஜீவன். என்னைப் பார்த்ததும் உடம்பெல்லாம் வாலாக ஆட்டிக்கொண்டு வந்தது.

உதவியாளர் பிச்சையா அண்ணன் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க பியூலாம்மா, சாப்டாச்சா?" என்றார்.

"இல்லண்ணே, பஸ்ஸுல ரெண்டு பிஸ்கட்தான். மக கல்யாணம் எப்படி நடந்துச்சு?"

"உங்க புண்ணியத்துல நல்லா நடந்துச்சும்மா. நீங்க சொன்ன சமையல்காரர்தான். ரசத்தப் பத்தி இன்னும் பேசுறாங்க."

நான் வராந்தாவில் உட்கார்ந்து வருகிறவர்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். முதலில் கோவில்பட்டியிலிருந்து ஒரு பெண், காளீஸ்வரி. அவளோடு அவளுடைய அப்பா, வெள்ளை வேட்டி, மடித்த குடை. பிறகு ஒரே மாதிரி நீலச் சட்டை போட்ட இரண்டு பையன்கள். கடைசியாக, நம்ம இசக்கிராஜா! என்னைப் பார்த்ததும் பெஞ்சின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மேலே மின்விசிறி சுற்றவில்லை. அதன் சுவிட்ச் வராந்தாவில் இல்லை, ஆய்வகத்தில் எலும்புக்கூட்டுக்குப் பின்னால் இருக்கிறது. யாருக்குத் தெரியும்? நான் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். காளீஸ்வரி முகத்தைச் சுளித்துக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தாள். பெண்பிள்ளை வாய்விட்டுக் கேட்குமா? அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் கையை விட்டுப் பாத்ரூம் சாவியை எடுத்துக் கொடுத்தேன். "ரெண்டாவது கதவு. தாழ்ப்பாள் விழாது, வாளிய வச்சி அடைச்சுக்கோ" என்றேன். பாட்டிலை நிரப்பத் தண்ணீர் தேடிய நீலச் சட்டைக்குத் தண்ணீர் இருக்கிற இடத்தைக் காட்டினேன். "நேர்முகம் பத்து மணின்னு போட்டிருக்கே?" என்று காளீஸ்வரியின் அப்பா கவலைப்பட்டார். "பதினொண்ணு ஆகும், ஐயா. நேர்முகம் நடத்துற வேலாயுதம் சாருக்குச் சர்க்கரை. வேளைக்குச் சாப்பிட்டுட்டுத்தான் வருவாரு" என்று சொல்லி அவரை உட்காரவைத்தேன்.

இத்தனை வேலைக்கு நடுவிலும் என் கண் உள்ளாளைத் தேடிக்கொண்டுதான் இருந்தது. இசக்கிராஜா கையில் இன்றைக்குச் சாவி இல்லை. நீலச் சட்டைகள் இரண்டும் பாட்டிலோடு வந்திருந்தன. காளீஸ்வரி? பாட்டில் இல்லை! ஆனால் அவளுடைய அப்பாவின் பையிலிருந்து ஒரு பாட்டில் எட்டிப் பார்த்தது. சரி, அவளும் இல்லை.

சும்மா இருக்கிறோமே, சின்னப் பிள்ளைகளுக்கு உபயோகமாக இருக்கட்டும் என்று நான் விஷயத்தை எடுத்துச் சொன்னேன். "இங்க பாருங்க, ஏமாந்துராதீங்க. எல்லா நேர்முகத்துலயும் ஒரு உள்ளாள் உண்டு. அடையாளம் சொல்றேன் கேட்டுக்கோங்க." தண்ணீர், சாவி, பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். நாயைப் பற்றிச் சொல்லும்போது அமீபா எழுந்து வந்து, என் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

எல்லாரும் அசையாமல் என்னையே பார்த்தார்கள், அக்கா. விளக்கமாகச் சொன்னால் பிள்ளைகள் எப்படிக் கவனிக்கிறார்கள் பாருங்கள்.

நீலச் சட்டைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "டீ குடிச்சிட்டு வாரோம்க்கா" என்று எழுந்தார்கள். "ஃபைல் எதுக்குப்பா டீக்கு?" என்றேன். இசக்கிராஜா ஒரு சிரிப்புச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அவனும் போனான். காளீஸ்வரியின் அப்பா அவள் காதில் ஏதோ சொன்னார். அவளுக்குக் கண் கலங்கியது. பரீட்சைப் பயம் என்று நினைத்தேன். "தைரியமா இரு, புள்ள" என்றேன். "சரிங்க மேடம்" என்றாள். அதுவரைக்கும் அக்கா என்று கூப்பிட்டவள் எதற்கு மேடம் ஆக்கினாள் என்று தெரியவில்லை. அவர்களும் டீ குடிக்கப் போனார்கள்.

அதற்குள் பிச்சையா அண்ணன், "யம்மா பியூலா, புரொஜெக்டர் எரியலம்மா, கொஞ்சம் வாரீங்களா?" என்று கூப்பிட்டார். அந்த வயரை முறுக்கிப் பிடித்தால்தான் எரியும். அதைச் சரி பண்ணிவிட்டு, சாருடைய மேசையையும் கொஞ்சம் ஒழுங்குபடுத்திவிட்டு வெளியே வந்தால் வராந்தாவில் நானும் அமீபாவும்தான்.

வேலாயுதம் சார் வந்தார். அவர் இந்தத் துறைக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கூடவே வெளியூரிலிருந்து நிபுணராக வந்த ஓர் அம்மா, பருத்திப் புடவை, கழுத்தில் கண்ணாடி. இருவரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். பிச்சையா அண்ணன் வெளியே எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா மத்தவங்கள்லாம்?"

"டீ குடிக்கப் போயிருக்காங்கண்ணே."

"பையோடயா?"

உள்ளே போய்ச் சொன்னார். சாருடைய குரல் எனக்குக் கேட்டது. "ஒரே ஆளா? அப்ப நடத்த முடியாதுய்யா. மூணு பேராவது வேணும். அடுத்த மாசக் கடைசியில வச்சிருவோம்." அந்த அம்மா சொன்னார்: "எனக்கு மத்தியானம் ரயில் இருக்கு. அதுவரைக்கும் வேணா பார்க்கலாம்."

அடுத்த மாதக் கடைசி! எனக்கு அதற்குள் முப்பத்தைந்து முடிந்துவிடும். வாழ்நாளில் ஒரு நத்தை வேலை வந்து, அதுவும் என் கண் முன்னால் டீக்கடைப் பக்கமாக நடந்து போய்க்கொண்டிருக்கிறது. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன், அக்கா. அமீபாவும் கூட ஓடி வந்தது.

வாசலைத் தாண்டினால் டவுன் பஸ் புறப்பட்டுப் போகிறது. கடைசி ஜன்னலில் இரண்டு நீலச் சட்டை. கையைக் கையை ஆட்டினேன். அவர்களும் மரியாதையாகக் கை ஆட்டினார்கள். போய்விட்டார்கள்.

டீக்கடையில் இசக்கிராஜா டம்ளரோடு நின்றான். நிழற்குடையில் காளீஸ்வரியும் அப்பாவும் கோவில்பட்டி பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

"ஏன் எல்லாரும் போறீங்க? வாங்க, சார் வந்துட்டாரு!" என்றேன்.

"எதுக்கும்மா வரணும்?" என்றார் காளீஸ்வரியின் அப்பா. "அதான் முடிவாயிருச்சே. எங்களயும் ஏன் அலைய விடுறீங்க?"

"யாருக்கு முடிவாயிருச்சு?"

இசக்கிராஜா டீயை ஊதினான். "உங்களுக்குத்தாம்க்கா. நீங்கதான உள்ளாளு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. நான் உள்ளாளா? உள்ளாட்களைப் பிடிக்கிறவளே நான்தானே! யாரோ புரளி கிளப்பியிருக்கிறார்கள். அவன்தான் கிளப்பியிருப்பான்.

"உனக்கு யாரு சொன்னா?" என்றேன்.

"நீங்கதாம்க்கா சொன்னீங்க. தண்ணி, சாவி, நாயி... வரிசையா."

"நான் உள்ளாளா இருந்தா உங்களைக் கூப்பிட எதுக்கு இப்படி ஓடி வரேன்? நீங்க போனா எனக்கு நல்லதுதானே?"

"அதெப்படி?" என்றான். "மூணு பேர் இல்லேன்னா நடத்த மாட்டாங்க. வெளியாளுக்கு என்ன, அடுத்த பஸ்ஸுக்குப் போயிருவான். தலைய எண்ணிக் கூட்டம் சேக்கிற கவலை உள்ளாளுக்குத்தான்."

காளீஸ்வரியின் அப்பா "சரியாச் சொன்னீங்க தம்பி" என்றார். டீக்கடைக்காரர்கூடத் தலையாட்டினார். அவரும் ஒன்று கேட்டார்: "ஏம்மா பியூலா, வழக்கம் போலச் சக்கர கம்மிதான?"

அது எவ்வளவு பெரிய அநியாயம் பாருங்கள், அக்கா. நான் அங்கே எத்தனை தடவை தோற்றிருந்தால் அந்த ஆளுக்கு என் சர்க்கரை தெரியும்! அதை யாரும் யோசிக்கவில்லை.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. எனக்கு வாய் அடைப்பது அபூர்வம்... அதாவது, வாயைத் திறப்பதே அபூர்வம்தான். கடைசியில் இதுதான் வந்தது: "எனக்கு அடுத்த மாசம் முப்பத்தஞ்சு முடியுது. இன்னைக்கு விட்டா அவ்வளவுதான். எனக்கு நத்தையத் தவிர வேற ஒண்ணும் தெரியாது."

இசக்கிராஜா டம்ளரை வாயிலிருந்து எடுத்தான்.

"எனக்கு ஆடியில" என்றான்.

"என்ன ஆடியில?"

"முப்பத்தஞ்சு."

டீக்குக் காசு கொடுத்துவிட்டு, பையை எடுத்து மாட்டிக்கொண்டு பல்கலைக்கழகப் பக்கமாக நடக்க ஆரம்பித்தான். நாலடி போய்த் திரும்பி, "வாங்கம்மா காளீஸ்வரி. அக்கா ஜெயிக்கிறதுக்கு நாம கை தட்டிட்டு வருவோம். ஆனா ஒண்ணு, நாங்க முதல்ல போவோம். அக்கா கடைசி" என்றான்.

"சரி" என்றேன்.

காளீஸ்வரியின் அப்பா குடையை ஊன்றி எழுந்தார். "உள்ளாளோ வெளியாளோ, இம்புட்டுத் தூரம் வந்தாச்சு. எம்மக நாலு வார்த்தை பேசிப் பழகட்டும்."

திரும்பி நடக்கும்போது பார்த்தேன், அந்தப் பெண் ஃபைலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். பார்த்துக்கொண்டு சும்மா வர முடியுமா? வழியில் குளம் வற்றிக் கிடந்தது. கரையில் ஒரு காலி நத்தை ஓட்டை எடுத்தேன். "இங்க பாரு. கூர்முனைய மேல வச்சி, வாய் உன்னப் பாத்து இருக்கிற மாதிரி பிடி. வாய் உன் வலது கைப் பக்கம் இருந்தா வலஞ்சுழி. இடது பக்கம்னா இடஞ்சுழி. இதக் கேக்காம யாரும் விட மாட்டாங்க. பதறாமச் சொல்லு" என்றேன்.

பின்னால் இசக்கிராஜா முணுமுணுத்தான்: "உள்ளாளு பாடமும் எடுக்குது."

மூன்று பேரையும் பார்த்ததும் பிச்சையா அண்ணன் முகம் மலர்ந்தது. காளீஸ்வரி உள்ளே போனாள். திரும்பி வரும்போது குதித்துக்கொண்டு வந்தாள். "யப்பா! அக்கா சொன்னதேதான் கேட்டாங்க! ஓட்டக் குடுத்து எந்தச் சுழின்னு கேட்டாங்க!" நான் மறுபடி அக்கா ஆகிவிட்டேன். எனக்குச் சந்தோஷம். ஆனால் அவளுடைய அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கேள்வியெல்லாம் முன்கூட்டியே உங்களுக்குத் தெரியும், இல்லம்மா?" என்றார்.

நான் என்ன செய்ய, அக்கா? நாலு நேர்முகம் போனவர்களுக்கு இதுகூடத் தெரியாதா?

அடுத்து இசக்கிராஜா போய்விட்டு வந்தான். "நத்தையப் பத்திக் கேட்டாங்க. நான் மீனப் பத்திச் சொன்னேன்" என்றான்.

பிறகு நான். உள்ளே போய் வணக்கம் சொன்னதும் வேலாயுதம் சார், "தண்ணி அங்க வச்சிருங்கம்மா" என்றார்.

"சார், நான் நேர்முகத்துக்கு வந்திருக்கேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நீங்களா? நீங்க இங்க வேலை பாக்கிறவங்கன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்! மண்புழு இண்டர்வியூ அன்னைக்கு எனக்கு ஃபேன் சுவிட்ச் காட்டினது நீங்கதான?"

"அன்னைக்கும் வேலை கேட்டுத்தான் சார் வந்திருந்தேன்."

அந்த நிபுணர் அம்மாவுக்குச் சிரிப்பு. அதை அடக்கிக்கொண்டு ஒரு தட்டை என் பக்கம் நகர்த்தினார். அதில் வரிசையாகக் குளத்து நத்தை ஓடுகள். "இதெல்லாம் நேத்து குளத்துல பொறுக்கினது. ஒவ்வொண்ணையும் பாத்து உங்களுக்குத் தோணுறதச் சொல்லுங்க."

ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தேன். முதல் ஓடு லேசாக இருந்தது, வாயை அடைக்கிற மூடி விழுந்துபோயிருந்தது. இரண்டாவதை நண்டு உடைத்திருந்தது. மூன்றாவதைக் கையில் எடுத்தேன். கனம். வாயில் மூடி இறுக்கமாகப் பொருந்தியிருந்தது. நான் அதைத் தட்டில் திரும்ப வைக்கவில்லை.

"மேடம், இதப் பத்தி அப்புறம் சொல்றேன். முதல்ல ஒரு டம்ளர் தண்ணி வேணும்."

"குடிக்கவா?"

"இதுக்கு. இது ஓடு இல்ல, மேடம். ஆளு உள்ள இருக்கு. தூங்குது. குளம் வத்துனா கதவ அடைச்சிட்டு மழை வர்ற வரைக்கும் உள்ளயே கிடக்கும். நாம எழுப்பிறலாம்."

தண்ணீர் நான்தான் கொண்டுவந்தேன். இடம் எனக்குத்தானே தெரியும். கண்ணாடிக் குடுவையில் அதை மெல்ல இறக்கினேன். மூன்று பேரும் தலையைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த அம்மாவுக்கு ரயில் நேரம் நெருங்கியது. வேலாயுதம் சார் நாற்காலியில் சாய ஆரம்பித்தார். எனக்குள்ளே ஜெபம் ஓடியது: மக்கா, கதவத் திற. என் வயசுக்கும் கதவு சாத்தப் போறாங்க, நீயாவது திற.

மூடி ஒரு நூல் விலகியது. ஒரு குமிழி மேலே வந்தது. பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு பாதம், அதற்குப் பிறகு இரண்டு கொம்பு. அந்த அம்மா சின்னப் பிள்ளை மாதிரி, "ஏய், வெளிய வருது பாருங்க!" என்று சாருடைய கையைத் தட்டினார்.

திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள், அக்கா.

நன்றி, நன்றி. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நேரில் போய், "நத்தை வேலை கிடைச்சாச்சு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லப் போகிறேன்.

ஆனால் பாருங்கள், ஒரு வருத்தம். வெளியே வந்து சொன்னபோது, காளீஸ்வரியின் அப்பா கும்பிடு போட்டு, "எங்களுக்குக் காலையிலயே தெரியும்மா" என்றார். எவ்வளவு நேர்மையாக வாங்கிய வேலை! இனி எந்த வராந்தாவிலும் நான் உள்ளாள் என்றுதான் பேசுவார்கள். நடந்தது என்ன என்று ஒருத்தரும் விசாரிக்க மாட்டார்கள். அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஆளைப் பற்றி எப்படித்தான் முடிவு பண்ணுகிறார்களோ!

இசக்கிராஜா மட்டும் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தான். "உண்மையிலேயே நீங்க உள்ளாளு இல்லையாக்கா?" என்றான்.

"சத்தியமா இல்ல."

"அன்னைக்கு நானும் இல்லக்கா" என்றான். "வயிறு சரியில்லாம இருந்துச்சு. பிச்சையா அண்ணன்கிட்ட சாவிய கேட்டு வாங்கினேன்."

அவன் எதற்கு இப்போது போய் அந்தக் கதையைச் சொன்னான் என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாப்பைக் கவனிக்காமல் தாண்டி நடந்துகொண்டே இருந்தேன். காலையில் பிஸ்கட் மட்டும் தின்றதால் இருக்கும். அவன் பயந்துபோய் என்னைப் பிடித்து நிறுத்தி, "உடம்புக்கு என்னக்கா?" என்று கேட்டான்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஏய், வேலாயுதம் சாருக்கு இன்னொரு புராஜெக்ட் வந்திருக்கு, மீனுக்கு. மேசையைத் துடைக்கும்போது பாத்தேன். விளம்பரம் இன்னும் போடல. ஆடிக்கு முன்னாடி போட வைக்கணும்னு நான் பிச்சையா அண்ணன்கிட்ட சொல்லி வைக்கிறேன். நீ நேரத்தோட வந்துரு. தண்ணி பாட்டில் தூக்கிட்டு வராத, நான் எடுத்து வைக்கிறேன். சாவி பலகைக்குப் பின்னால இருக்கும். அமீபாவுக்கு ரெண்டு பிஸ்கட் போட்டிரு" என்றேன்.

அவன் ரோட்டோரத்தில் உட்கார்ந்து சிரித்தான், அக்கா. கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தான். "என்னடா?" என்றால், "ஒண்ணும் இல்லக்கா, கண்டிப்பா வாரேன்" என்கிறான். பசி மயக்கம் போல. ஒரு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன்.

அக்கா, ஆரல்வாய்மொழிதானே நீங்கள்? காற்றாலை தெரிகிறது பாருங்கள், வந்துவிட்டது. முன் வாசலில் இறங்காதீர்கள், படி ஆடும். பின் வாசல். பையை நான் எடுத்துத் தருகிறேன். "தம்பி, ஆரல்வாய்மொழி ஒண்ணு இருக்கு! ஸ்டாப்புக்கு முன்னாடி அந்தப் பள்ளத்த ஒதுக்கி நிறுத்தச் சொல்லு!"

"சரிக்கா, சொல்லிட்டேன்!"

பார்த்து இறங்குங்கள்.

என்ன அக்கா? இது எங்கள் வண்டியா என்றா?

இல்லையே. எங்கள் வீட்டில் யாரும் பஸ்ஸில் வேலை பார்க்கவில்லை. ஏன் கேட்கிறீர்கள்?